யார் வந்தாலும் எழுந்திருக்காதே

உங்கள் அத்தை, என் அக்கா, மாரடைப்பில் இறந்துபோனார் என்றுதான் உறவினர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நீங்களும் பள்ளியில் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். அது சரியில்லை. அடைத்துக்கொண்ட குழாயை டாக்டர்கள் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அத்தையின் இதயம் ஒழுங்காகவே வேலை செய்தது. அத்தை இறந்தது எழுந்து நின்றதால்.

நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று உங்கள் அம்மா சொல்கிறார். கோபம்தான். படிவம் மூன்றோடு படிப்பை விட்டவன் நான்; எனக்கு அழகாக எழுதத் தெரியாது. ஆனால் சாவு வீட்டுக்கு வந்த பெண்கள் அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "பூவும் பொட்டுமா போயிட்டா மகராசி, யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை" என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நீங்கள் இருவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மகளே, நீ தலையை வேறு ஆட்டினாய். அந்தப் பேச்சு உன் காதில் தங்கிவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அத்தை உட்காருகிற விதமே தனி. நாற்காலியில் முழுதாக உட்கார மாட்டார். நுனியில் ஒட்டிக்கொண்டு, ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலுமாக, ஓட்டப் பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி இருப்பார். மாமாவின் மோட்டார் சைக்கிள் தாமான் குடியிருப்பு முனையில் திரும்பும்போதே அவருக்குக் கேட்டுவிடும். எங்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. பேச்சு பாதியில் நிற்கும். கையில் இருக்கிற சோற்றுத் தட்டு கீழே போகும், மடியில் இருக்கிற பிள்ளை இறங்கும். மாமா கதவைத் திறக்கும்போது அத்தை நின்றுகொண்டிருப்பார். மாமா சாவியை ஆணியில் மாட்டி, சோபாவில் சாய்ந்து, டிவியைப் போட்ட பிறகும் நின்றுகொண்டிருப்பார். அப்புறம் நின்றபடியே சமையலறைக்குப் போய், மிச்சச் சோற்றைத் தொட்டிப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுவார்.

மகளே, உனக்கு நினைவிருக்காது. நீ பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வயது. "அத்தை, மாமா வந்தா ஏன் எந்திரிக்கிறீங்க? மாமா என்ன டீச்சரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாய்.

அத்தை சிரித்துவிட்டார். "இல்லம்மா, அத்தைக்குக் கால் மரத்துப் போச்சு" என்றார்.

நீ அதை நம்பினாய். தைல போத்தலை எடுத்து வந்து அவர் காலைப் பிடித்துவிட்டாய். அத்தை உன் தலையில் கையை வைத்துக்கொண்டு, நின்றபடியே காலைக் கொடுத்தார். மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை அத்தை எங்கே கற்றார் என்றால், லாயாங் லாயாங் ஊரில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில்தான். எங்கள் அப்பா வேலை முடிந்து வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டால் அம்மாவும் அக்காவும் எழுந்துவிடுவார்கள். நான் பாயில் படுத்தபடியே இருப்பேன். ஆம்பளைப் பிள்ளையை யாரும் எதுவும் சொல்வதில்லை. அப்பாவுக்குப் பிறகு மாமா வந்தார். ஆள்தான் மாறியது.

ஒரு தடவை கோத்தா திங்கியில் சொந்தக்காரர் கல்யாணம். வாழையிலை போட்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்தார். ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டே உங்கள் அம்மாவிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். மாமா வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் தாமதமாக வந்தார். அவர் தலை வாசலில் தெரிந்ததும் அத்தை ரசம் வழிகிற கையோடு எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து இலைப் பெண்மணி அத்தையை அண்ணாந்து பார்த்தார். அத்தையின் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்ததும் அவரும் அவசரமாக எழுந்தார்.

"யாரு, ஒய்.பி. வந்துட்டாரா?" என்று அவருக்கு அடுத்தவர் கேட்டார்.

"ஆமா போல. எந்திரிங்க, எந்திரிங்க."

சட்டமன்ற உறுப்பினர் வந்துவிட்டார் என்று நினைத்து அந்த வரிசையே எழுந்து நின்றது. அதைப் பார்த்த மேளக்காரர் பொண்ணும் மாப்பிள்ளையும்தான் வருகிறார்கள் என்று எண்ணி வாசிக்கத் தொடங்கிவிட்டார். மேளச் சத்தத்துக்கு நடுவே மாமா இடுப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமாவும் சிரித்தார். பிறகு எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். அத்தை மட்டும் மாமாவுக்கு இலை போட்டாயிற்றா, தண்ணீர் வைத்தாயிற்றா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இலையில் சோறு ஆறிப்போனது.

மாமா கெட்டவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். குடித்துவிட்டு வந்ததில்லை. கை நீட்டியதில்லை. சிங்கப்பூருக்குப் போய் உழைத்து, கிழமை தவறாமல் வீடு வந்து சேருகிற ஆள். உட்காரு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

நான் ஒருமுறை கேட்டேன். "மச்சான், அக்காவ உட்காரச் சொல்லுங்களேன். காலு வீங்கிக் கிடக்குது."

மாமா என்னை விநோதமாகப் பார்த்தார். "நானா நிக்கச் சொன்னேன்? அவளா நிக்கிறா. உங்க வீட்டு வளர்ப்பு அப்படி."

அத்தை அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். "ஏன்டா தம்பி, ஒனக்கு வேற வேலை இல்லியா?" என்று என்னைத்தான் திட்டினார்.

இப்படியே படித்தால் அத்தை பயந்த சுபாவம் என்று உங்களுக்குத் தோன்றும். ஸ்கூடாயில் பல்கலைக்கழகப் பக்கம் இருக்கிற சாப்பாட்டுக் கடையில் அத்தையைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். அங்கே சமையல் அவர் பொறுப்பு. ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி வைத்திருந்தார். அதில் கால்களை அகட்டிப் போட்டு, முழு உடம்பையும் இறக்கி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். காய்கறி லோரிக்காரர் வந்தால் முக்காலியை விட்டு அசைய மாட்டார். கூடையைத் தன் முன்னால் வைக்கச் சொல்லுவார்.

"என்னண்ணே இது, வெண்டக்காயா வெறகா?"

"காலையில பறிச்சதுக்கா."

"எந்த வருசத்துக் காலையில?"

லோரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வேறு கூடையை எடுத்து வருவார். ஒல்லியான மலாய் மாணவன் ஒருவன் கொஞ்சமாகச் சோறு வாங்கினால் முக்காலியிலிருந்தே அதட்டுவார்: "அடிக், இது பூனைச் சோறு லா! தாம்பா, தாம்பா!" அவன் சிரித்துக்கொண்டே தட்டை மறுபடி நீட்டுவான். தம்பி, இன்னும் போட்டுக்கொள் என்று அந்த அத்தை சொன்னால் கேட்காத ஆள் அந்தக் கடையில் இல்லை. அவருக்கு உட்காரத் தெரியும், பிள்ளைகளே. நன்றாகவே தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கூட்டத்தையே ஆளத் தெரிந்த மனுஷி அவர்.

அந்தக் கடையில்தான் அவருக்கு வலி வந்தது. தாடையில் ஆரம்பித்து இடது தோளுக்கு இறங்கியதாம். சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. "காத்துதான், காத்து பிடிச்சிருக்கு" என்று இஞ்சித் தண்ணீர் வைத்துக் குடித்திருக்கிறார். கல்லாவில் இருந்த பெண் அவர் பேச்சைக் கேட்காமல் எனக்கு போன் செய்தாள். நல்ல பெண். நான் வேலை செய்கிற தொழிற்சாலை பக்கத்தில்தான். காரில் போட்டுக்கொண்டு ஜொகூர் பாரு மருத்துவமனைக்குப் பறந்தேன். வழியெல்லாம் "அவருக்குச் சொல்லாத, வேலையில இருப்பாரு, பயந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தவுடனே ஓட ஆரம்பித்தார்கள். ஒரு மலாய்ப் பெண் டாக்டர் வந்தார். உங்கள் பள்ளி ஆசிரியையின் வயதுதான் இருக்கும். அவர் எனக்குச் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரியே உங்களுக்குச் சொல்கிறேன்.

இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று அடைத்துவிட்டது. உடனே திறக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க இதயத்தின் சதை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை. மெல்லிய கம்பி மாதிரி ஒரு குழாயை உடம்பின் வேறொரு இடத்தில் நுழைத்து, இரத்தக் குழாய் வழியாகவே இதயம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார்கள். அதற்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று மணிக்கட்டு. இன்னொன்று தொடை இடுக்கு. மணிக்கட்டுக் குழாய் சின்னது. தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் இருக்கிறது. வேலை முடிந்ததும் ஒரு பட்டையைப் போட்டு இறுக்கினால் இரத்தம் நின்றுவிடும். நோயாளி உட்காரலாம், எழுந்திருக்கலாம். தொடைக் குழாய் பெரியது, ஆழத்தில் இருக்கிறது. அதில் போட்ட ஓட்டை மூடும் வரைக்கும் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். அசைந்தால் திறந்துகொள்ளும். திறந்தால் இரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே சேர்ந்துவிடவும் கூடும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

"அதனால் கை" என்றார் டாக்டர். "எங்களுக்குக் கைதான் பிடிக்கும்."

அத்தையின் இரண்டு கையிலும் கல்யாணத்தன்று போட்ட தங்க வளையல்கள். போட்டபோது ஒல்லிக் கை. பிறகு கை பெருத்து, வளையல் மணிக்கட்டிலேயே சிக்கி, மேலேயும் போகாது, கீழேயும் வராது. தாதி மிஸ்ஸி ஒருவர் வழுவழுப்பான மருந்தைத் தடவி வலது கையில் இழுத்துப் பார்த்தார். இடது கையில் இழுத்துப் பார்த்தார். தோல்தான் சிவந்தது. அவர் ஓடிப்போய், வீங்கிய விரலில் மோதிரத்தை வெட்டி எடுக்கிற சின்னக் கருவியைக் கொண்டுவந்தார்.

அதைப் பார்த்ததும் அத்தை இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"தம்பி, வெட்ட வேணாம்னு சொல்லு."

"பத்தர்கிட்ட குடுத்து ஒட்டிக்கலாம்க்கா."

"அவரு கல்லு மாதிரி இருக்காரு. அவரு உசுரோட இருக்கையில என் வளையல வெட்டுவியா? வாயக் கழுவு."

"அக்கா, ஒன் உசுரு போகுதுக்கா!"

"கால்லயும் போடலாம்னுதான அந்தப் பொண்ணு சொல்லிச்சு? கால்ல போடச் சொல்லு." அந்த வலியிலும் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "மெட்டி விரல்லதான இருக்கு, தொடையில இல்லியே."

டாக்டருக்கு நான் மலாயில் சொன்னேன். எங்களில் புருஷன் செத்தால்தான் வளையலைக் கழற்றுவார்கள், உடைப்பார்கள். அதனால் பயப்படுகிறார் என்று சொன்னேன். டாக்டர் குனிந்து அத்தையின் முகத்துக்கு நேராகப் பேசினார். "ஆன்ட்டி, கைதான் நல்லது. வளையல் இன்னொன்று வாங்கலாம்." அத்தை தலையை ஆட்டினார். கையை விரிக்கவில்லை. நான் மாமாவுக்கு போன் செய்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அத்தை கையை நீட்டிவிடுவார் என்று தெரியும். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேலை நேரத்தில் கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவைக்கச் சொல்லுகிற இடமாம்.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, கால்" என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு வாசலில் நல்ல வாசலை நாங்கள்தான் பல தலைமுறையாகப் பூட்டி வைத்திருந்தோம். அவரிடம் அந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாது.

வேலை நன்றாகவே முடிந்தது. அடைப்பு எடுபட்டது. தொடையில் இருந்த குழாயை உருவி, வெகு நேரம் அழுத்திப் பிடித்து, இரத்தம் நின்றதை உறுதி செய்துகொண்டு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்: கால் நேராக இருக்க வேண்டும், மாலை வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, இருமல் வந்தால்கூட அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ள வேண்டும்.

நான் அத்தையிடம் தமிழில் சொன்னேன். "கால மடக்காத. எந்திரிக்கவே கூடாது. யார் வந்தாலும் எந்திரிக்காத."

டாக்டர் சொன்னதில் 'யார் வந்தாலும்' இல்லை. அதை நானாகச் சேர்த்தேன். எனக்கு என் அக்காவைத் தெரியும்.

"யாருடா வரப்போறா, மந்திரியா?" என்றார் அத்தை. முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. பசிக்கிறது என்றார். மிஸ்ஸியிடம் கேட்டுவிட்டு, தலையைக் கொஞ்சமாகத் திருப்பி வைத்து, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். ஒரு சொட்டு கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டேன். அத்தை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"படுத்துக்கிட்டே சாப்புடுறது நல்லாத்தான்டா இருக்கு. ராணி மாதிரி."

"இன்னும் ஒரு மாசம் இப்படியே இரு. நான் ஊட்டுறேன்."

"ஒன் பொண்டாட்டி விட்டுருவாளா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அத்தை அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கால்கள் இரண்டும் நேராக நீட்டி, கைகள் இரண்டும் பக்கத்தில் விழுந்து கிடக்க, உடம்பு முழுவதும் கட்டிலில் பரவிக் கிடந்தது. யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

மதியப் பார்வை நேரத்தில் நான் கிண்ணத்தைக் கழுவ வார்டின் மூலையில் இருந்த தொட்டிக்குப் போனேன். சிங்கப்பூரிலிருந்து விஷயம் தெரிந்து ஓடிவந்த மாமா அப்போதுதான் வந்திருக்கிறார். பாலத்தில் நெரிசலாம். வேலைச் சப்பாத்துக் காலோடு, வியர்வையோடு வந்திருக்கிறார். பதறித்தான் வந்திருக்கிறார், அதை மறைத்து எழுதக் கூடாது. திரையை விலக்கி, "என்னா, எப்படி இருக்க?" என்று கேட்ட அவர் குரல் எனக்குத் தொட்டிப் பக்கம் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தபோது அத்தை நின்றுகொண்டிருந்தார்.

போர்வை கட்டிலில் சுருண்டு கிடந்தது. மருத்துவமனை உடுப்பை ஒரு கையால் இழுத்து மூடிக்கொண்டு, இன்னொரு கையால் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, வெறுங்காலில் தரையில் நின்றார். மாமா கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"டாக்டர் என்னா சொன்னாங்க?" என்று மாமா கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க" என்றார் அத்தை. "காத்துதான். சாப்பிட்டீங்களா?"

நான் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் மிஸ்ஸி ஓடினார். "அலமாக், ஆன்ட்டி! படுங்க, படுங்க!" என்று மலாயில் கத்திக்கொண்டே அத்தையைப் பிடித்துச் சாய்த்து, தொடையில் தன் உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்தினார். வெளியே அதிகம் இரத்தம் இல்லை. துணியில் ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான். அதைப் பார்த்து நான் தைரியப்பட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அத்தை முதுகு வலிக்கிறது என்றார். பிறகு குளிருகிறது என்றார். உதடு வெள்ளையாகிவிட்டது. டாக்டர்கள் வந்தார்கள், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், பை பையாக இரத்தம் ஏற்றினார்கள். அதற்குள் அவர் இரத்தம் வயிற்றுக்குள்ளே ஓடிச் சேர்ந்துவிட்டது. வெளிச்சம் மங்குவதற்குள் முடிந்துவிட்டது.

மாமா நடைபாதை பெஞ்சில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுகை பொய் இல்லை. எனக்குத்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார முடியவில்லை.

அந்தப் பெண் டாக்டர் என்னைத் தேடி வந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. அவ்வளவு சொல்லியிருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. கழிப்பறைக்குப் போக எழுந்தாரா? வலி தாங்காமல் எழுந்தாரா? நான் தமிழில் சரியாகச் சொல்லவில்லையா? ஏன் எழுந்தார்? அவருக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது, அடுத்த நோயாளிக்காக.

மலாயில் கணவனுக்கு என்ன சொல் என்று உங்களுக்குத் தெரியும். சுவாமி. பள்ளியிலிருந்து தினமும் கேட்கிற சொல்தான், நாம் யாரும் நின்று யோசித்ததில்லை. அன்றைக்கு அது என் வாயிலிருந்து வந்தபோதுதான் எனக்கே காதில் விழுந்தது.

"சுவாமி டியா டாத்தாங், டாக்டர்" என்றேன். அவருடைய கணவர் வந்தார் என்று அர்த்தம்.

டாக்டர் தலையை ஆட்டினார். நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடியே காத்துக்கொண்டு நின்றார்.